இருபத்தெட்டாவது விநாடி

மணவாளனின் மண்டைக்குள் வயலின் ஒலித்தது. உணவுக்கூடத்தில் அவனைச் சுற்றி உட்கார்ந்து பாசிக்கட்டியை மென்றுகொண்டிருந்த ஒன்பது பேரின் மண்டைக்குள்ளும் அதே வயலின். யாரும் திடுக்கிடவில்லை. செவ்வாய்க் குடியிருப்பில் காதுக்குப் பின்னால் செவிச்சில்லு இல்லாத மனிதர் கிடையாது. ஒருவருக்கு அழைப்பு வந்தால், அவர் அனுமதித்திருந்தால், பக்கத்தில் இருப்பவர்களும் அந்த அழைப்பிசையைக் கேட்கலாம். மணவாளன் தாராளமாக அனுமதித்திருந்தான்.

வாசித்தது அவனே அல்லவா! பகலெல்லாம் கழிவுநீர்க் குழாய்களோடு மல்லுக்கட்டுகிறவன், ஒரு மாதம் உட்கார்ந்து தன் பழைய பதிவுகளில் நல்ல இடமாகப் பார்த்து வெட்டி, இரைச்சலை வடிகட்டி, சரியாக முப்பது விநாடிக்கு அமைத்திருந்தான். அதற்கு மேல் ஒலித்தால் அழைப்பு தானாகத் துண்டிக்கப்படும். உயிரை உருக்கும் அந்தக் குழைவு வருவதோ இருபத்தெட்டாவது விநாடியில்.

"அண்ணே, எடுத்துடாதீங்க! அந்த இடம் வரட்டும்," என்றான் கூட வேலை பார்க்கும் எழிலரசு.

"வீட்லேருந்துதான். திரும்பக் கூப்பிடுவா," என்று மணவாளன் கண்களை மூடிக்கொண்டான்.

கூப்பிட்டாள். மொத்தம் மூன்று முறை. மூன்று முறையும் கூடமே தலையாட்டி ரசித்தது.

கால் மணி நேரம் கழித்துச் செய்தி வந்தது. செடிக்கூடத்தில் காற்றுக் கசிவு. அவன் மனைவி சுடர்க்கொடி மருத்துவப் பிரிவில்.

மணவாளன் விழுந்தடித்து ஓடினான். அவள் முகம் நீலம் பாரித்திருந்தது. நல்லவேளை, உயிர் இருந்தது.

"கதவு திறக்கலைங்க. அபாயமணியும் வேலை செய்யலை. உங்களுக்கு மூணு தடவை அடிச்சேன். அப்புறம் பதினாலு பேருக்கு அடிச்சேன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "ஒருத்தரும் எடுக்கலை. எல்லாரும் உங்க வயலினைத்தானே வச்சிருக்காங்க."

கேட்டவர்களுக்கெல்லாம் அவன்தான் அதை வாரி வழங்கியிருந்தான். கேட்காதவர்களுக்கும்.

"அப்புறம் யாரு வந்து..."

"பெருக்குற ரோபோ. ஏழாம் நம்பர். அடிச்ச உடனே எடுத்துடுச்சு."

ரோபோக்களுக்கு இசை தெரியாது. அழைப்பு வந்தால் எடுக்க மட்டும்தான் தெரியும்.

மணவாளன் அன்றே தன் அழைப்பிசையை அழித்தான். மற்றவர்களிடமும் கெஞ்சிப் பார்த்தான். "கதவு கெட்டதுக்குப் பாட்டு என்ன பண்ணும்?" என்று கேட்டார்கள்.

மறுவாரம் ஏழாம் எண்ணுக்குப் பாராட்டு விழா. மாலை, பொன்னாடை எல்லாம் முடிந்ததும் குடியிருப்புத் தலைவி தமயந்தி கண்கலங்கிப் பேசினார்.

"ஓர் உயிரைக் காத்த நம் தோழனுக்கு வெறும் பொன்னாடை போதுமா? இன்று காலை அதற்கு ரசனைச்சில்லு பொருத்தியிருக்கிறோம். அழைப்பிசை, நம் மணவாளனின் வயலின்!"

கைதட்டலில் கூடம் அதிர்ந்தது. "ஐயோ, வேண்டாம்! கழட்டிடுங்க!" என்று மணவாளன் அலறியது யார் காதிலும் விழவில்லை. காதோரம் தட்டி ரோபோவை அழைத்தான்.

மேடையில் ரோபோ தலையை லேசாகச் சாய்த்தபடி நின்றது. பத்து விநாடி. இருபது. முப்பதில் அழைப்பு துண்டானது.

ரோபோ கூட்டத்தில் அவனைத் தேடிக் கண்டுபிடித்தது.

"இன்னொரு தடவை அடிங்க, சார்."