மாற்று ஆள் வரும் வரை

சரக்கு வண்டி அவளைக் கோட்டை வாசலில் இறக்கிவிட்டு, எஞ்சினை அணைக்காமலே திரும்பிப் போனது. புழுதிப் புயல் கிளம்புவதற்குள் ஊர் போய்ச் சேர வேண்டும் என்பது ஓட்டுநரின் கவலை.

அவள் கருவிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். அந்த எல்லைக் கோளில் சூரியன் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. ஆறிப்போன கங்கு மாதிரி அடிவானத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் கோட்டைச் சுவர் நனைந்தது போல் மின்னியது.

அந்தக் கோளை ஆள்வது வாள் சபை. குடிதண்ணீர் முதல் கல்யாண அனுமதி வரை கவசம் போட்ட வீரர்கள் கையில்தான். அவர்களுடைய பெருமையெல்லாம் ஒரே ஒரு வழக்கத்தில் இருந்தது. எல்லைச் சுவரில் காவல் நிற்பவன் தானாக இடத்தை விட்டு நகரமாட்டான். மாற்று ஆள் வர வேண்டும். அவன் மார்புத் தகட்டில் இரண்டு முறை தட்ட வேண்டும். "நான் வந்துட்டேன், நீ போ" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் கால் பெயரும்.

சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

அவள் சபையைச் சேர்ந்தவள் இல்லை, கவசம் பழுதுபார்க்கும் மெக்கானிக். அப்பா அம்மா போன பிறகு அவளுக்கென்று மிஞ்சியது ஒரு தம்பி. ஆள் வளர்ந்த உயரத்துக்கு நெட்டை என்றுதான் கூப்பிடுவாள். அவனுக்கு இன்றுதான் முதல் காவல்.

கவச அறையில் எண்ணெயும் இரும்பும் மணத்தன. அதற்கு அடியில் பழைய வியர்வை. கவசங்கள் வரிசையாகக் கொக்கிகளில் தொங்கின. காலிக் கவசம் என்றால் முகமூடி திறந்திருக்க வேண்டும். தோளில் இருக்கும் பச்சை விளக்கு அணைந்திருக்க வேண்டும். உள்ளே ஆள் காவல் நிற்கும்போது மட்டும்தான் அது எரியும்.

மூலையில் ஒரு கவசத்தில் எரிந்துகொண்டிருந்தது.

உள்ளே யாரும் இல்லை.

"ஒயர்ல ஏதோ கோளாறு. சரி பண்ணிக் குடும்மா. உன் தம்பி உயரத்துக்கு இது ஒண்ணுதான் இருக்கு" என்றார் கோட்டைத் தளபதி.

அவள் மின்கலத்தைக் கழற்றிப் பெட்டியில் போட்டாள். விளக்கு எரிந்தது. ஒயரை வெட்டினாள். எரிந்தது. இதை முன்பு போட்டவர் யார் என்று கேட்டாள்.

தளபதி மறைக்கவில்லை. போன பெரும்புயலில் ஒருவன் சுவரில் மாட்டிக்கொண்டானாம். அந்தக் காற்றில் மாற்று ஆளை அனுப்ப முடியவில்லை. புயல் ஓய்ந்து போய்ப் பார்த்தால் நின்ற இடத்திலேயே நிற்கிறான். கவசத்தின் மூச்சுக்காற்று உருளை காலி. கவசத்தைத் திறந்து உடலை எடுத்து அடக்கம் செய்துவிட்டு, உள்ளே கழுவி மாட்டிவிட்டார்கள்.

"எடுக்கும்போது மாத்து வார்த்தை சொன்னீங்களாய்யா?"

"செத்தவனுக்கு எதுக்கும்மா அதெல்லாம்?"

ஒவ்வொரு வீரனும் உயிரைவிடப் பெரிதாக நினைக்கும் வார்த்தை. அதை அவனுக்கு மட்டும் யாருமே சொல்லவில்லை.

இந்தக் கவசம் வேண்டாம் என்று அவள் கெஞ்சினாள். தளபதி அசையவில்லை. முதல் காவலை மறுப்பவனைச் சுவருக்கு அந்தப் பக்கம் தள்ளிக் கதவைச் சாத்துவது சபையின் சட்டம். அதை அவள் வாயாலேயே சொல்லவைத்துவிட்டு வெளியே போனார்.

தம்பி சிரித்துக்கொண்டே வந்தான். "உனக்கு ஒரு விளக்கு எரிஞ்சா பேய், எரியலன்னா ரிப்பேரு. விடுக்கா."

"வாயை மூடிட்டுக் கையை நீட்டுடா நெட்டை."

இரும்புக் கையுறையை மாட்டுமுன் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். தெருவைத் தாண்டும்போதுகூட விரலைப் பிடிக்கமாட்டாள். மணிக்கட்டைப் பிடித்துக் கட்டைவிரலால் நாடியை ஒரு அழுத்து அழுத்துவாள். 'நான் இருக்கேன்' என்று அர்த்தம்.

அவன் கவசத்துக்குள் நுழைந்தான். யாரும் தொடாமலே முகமூடி மூடிக்கொண்டது.

"அக்கா." சிரிப்பு போயிருந்தது. "உள்ள சூடா இருக்கு. யாரோ இப்பதான் எந்திரிச்சுப் போன நாற்காலி மாதிரி."

வெளியே சங்கு ஊதிவிட்டது. கவசம் திரும்பி நடந்தது. அது அவன் நடை இல்லை. அவன் காலைத் தேய்த்து நடப்பவன். இது அளந்து வைத்த நடை.

அவன் சுவரேறிய கொஞ்ச நேரத்திலேயே புயல் வந்துவிட்டது. சிவப்பு வெளிச்சம் பழுப்பாகி, பழுப்பு கறுப்பானது. புழுதி கதவை நகத்தால் கீறுவது போல் கீறியது. அவன் காவல் நேரம் முடிந்தது. தளபதி மாற்று ஆளை அனுப்பவில்லை. ஓயட்டும் என்றார். போன தடவையும் இதைத்தான் சொல்லியிருப்பார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஒலிபெருக்கி கரகரத்தது.

"அக்கா, காத்து கம்மியாகுது. வரலாம்னா கால் வரல."

"நிக்காத. திரும்பு."

"நான் நிக்கலக்கா. என்னை நிக்க வெச்சிருக்கு."

அவள் கருவிப் பெட்டியைத் தோளில் போட்டு, முகக்கவசத்தை மாட்டினாள். இடுப்பில் கயிற்றைக் கட்டி மறுமுனையை வாசல் காவலாளியின் கையில் திணித்தாள். நான் இழுத்தால் நீ இழு என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தாள்.

இருட்டில் பச்சைப் புள்ளி ஒன்று தெரிந்தது. அதை நோக்கித் தவழ்ந்தாள்.

கவசம் மலை மாதிரி நின்றது. முதல் கொக்கியைத் திறந்தாள். அடுத்ததற்குக் கை போவதற்குள் முதல் கொக்கி 'டக்' என்று மூடிக்கொண்டது.

மறுபடி திறந்தாள். மறுபடி மூடியது.

மார்புத் தகட்டில் காதை வைத்தாள்.

உள்ளே இரண்டு மூச்சு.

ஒன்று வேகமாக, அறுந்து அறுந்து வந்தது, தம்பியுடையது. இன்னொன்று நிதானமாக, பொறுமையாக, யாருக்கோ காத்திருப்பது போல.

அவள் தகட்டில் இரண்டு முறை தட்டினாள். "நீ போ" என்றாள்.

ஒன்றும் அசையவில்லை.

அவளுக்குப் புரிந்தது. போகச் சொன்னால் காவல்காரன் போகமாட்டான். இடத்துக்கு ஆள் வர வேண்டும். அந்த வார்த்தையைச் சொல்பவர் அந்த இடத்தை ஏற்றுக்கொண்டவர் ஆவார். மாற்று ஆள் வரும் வரை.

தம்பியின் மூச்சு ஒருமுறை இழுத்தது. அடுத்த மூச்சு வரவில்லை.

அவள் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டாள். மறுகையால் இரண்டு முறை தட்டினாள்.

"நான் வந்துட்டேன். நீ போ."

அவள் காதோரமாக ஒரு நீண்ட பெருமூச்சு கடந்து போனது. பச்சை விளக்கு அணைந்தது. கொக்கிகள் தாமாகவே ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன.

தம்பிக்கு நினைவு வந்தபோது வாசலுக்கு உள்ளே கிடந்தான். அவன் இடுப்பில் அக்காவின் முடிச்சு. முகத்தில் அவளுடைய முகக்கவசம். கயிறு இரண்டு முறை இழுபட்டதும் இழுத்தேன், வந்தது இவன் ஒருவன்தான் என்றான் காவலாளி. வெளியே ஓடப் பார்த்த தம்பியை மூன்று பேர் பிடித்தும் அடக்க முடியவில்லை. தளபதி தானே கதவின் மேல் சாய்ந்து நின்றுகொண்டார்.

புயல் ஓய்ந்ததும் அவன்தான் முதலில் ஓடினான்.

கருவிப் பெட்டி புழுதியில் பாதி புதைந்திருந்தது. அவளைக் காணவில்லை. கவசம் மட்டும் சுவர்மேல் நின்றது. முகமூடி மூடியிருந்தது. தோளில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

முகமூடியை உயர்த்திப் பார்த்தான். காலி. உள்ளிருந்து இளஞ்சூடாக எண்ணெய் வாசனை வந்தது.

பின்னால் வந்த தளபதி தொண்டையைச் செருமினார். "அவ சபை ஆள் இல்லப்பா. அவளுக்கு மாத்து அனுப்ப வழக்கம் இல்ல."

"நான் அனுப்பறேன்" என்றான் தம்பி.

முஷ்டியை மடக்கி மார்புத் தகட்டில் ஒருமுறை தட்டினான். இரும்பு அதிர்ந்தது. இரண்டாவது தட்டுக்குக் கையை ஓங்கினான்.

"நான் வந்து..."

இரும்புக் கையுறை மெல்ல உயர்ந்து அவன் மணிக்கட்டைப் பற்றியது. வலிக்கவில்லை. ஆனால் விடவும் இல்லை.

தளபதி பின்வாங்கும் சத்தம் கேட்டது. தம்பி நகரவில்லை.

கட்டைவிரல் தேடி வந்து, அவன் நாடியை ஒருமுறை அழுத்தியது.