புகை படியாத சுவர்

காலை ஏழு மணிக்குக் கதவை உடைத்தார்கள். ராகலைக்கு மேலே, பனி மூடிய மேட்டில் நிற்கும் பழைய துரை பங்களாவின் மேற்கு அறை அது. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. ஜன்னல்களும் இறுக மூடியிருந்தன. கட்டிலில் மகாலிங்கம் கழுத்து வரை போர்த்தியபடி இறந்து கிடந்தார். அவர் முகம் உயிரோடு இருந்தபோது இருந்ததைவிடச் சிவந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் ஜீவராணி உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள்.

ஜீவராணி பங்களாவின் மேற்பார்வையாளர். முதலாளி விஜிதரன் கொழும்புக்காரர். இடிந்து கிடந்த பங்களாவை வாங்கி, பழைய முறைப்படி சுண்ணாம்புச் சாந்து பூசி, உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டு மூன்று வருடமாகிறது. மரம் வெட்டுவதில்லை, கரி எரிப்பதில்லை, கழிவுநீரை நாணல் பாத்தியே சுத்தம் செய்கிறது என்பது விளம்பரம். குளிருக்குக் கணப்பில் எரிவது தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து செய்யும்போது வெட்டி விழும் குச்சி மட்டும். இவையெல்லாம் உண்மைதானா என்று சோதித்துச் சான்றிதழ் கொடுக்க வந்தவர் மகாலிங்கம்.

சப் இன்ஸ்பெக்டர் இராஜகுமாரி வந்தபோதும் பனி விலகவில்லை. முகச் சிவப்பைக் காட்டி, நெருப்பிலிருந்து வரும் மணமில்லாத நச்சு வாயுவே சாவுக்குக் காரணம் என்றார் டாக்டர். உடனே விஜிதரன் அவளைப் பின்பக்கச் சரிவுக்கு அழைத்துப் போனார். அங்கிருந்து கூரையை எட்டித் தொடலாம். மேற்கு அறைப் புகைபோக்கியின் வாயை ஒரு படங்கு மூடியிருந்தது. கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் கட்டும் சாக்குத் துணி. அதில் சிவப்பு ஒட்டு. கணப்பு மூட்டும் வேலைக்காரி காளியாயியுடையது.

அவள் காட்டு விறகை எரிப்பதாக மகாலிங்கம் குறை சொன்னார், வேலை போய்விடுமென்று அவள் பயந்திருந்தாள் என்றார் விஜிதரன். கான்ஸ்டபிள் காளியாயியை ஜீப்பில் ஏற்றிவிட்டான்.

இராஜகுமாரி படங்கைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு மேற்கு அறைக்குப் போனாள். கணப்பில் ஒரு பிடி வெள்ளைச் சாம்பல். அதற்கு மேலே சுண்ணாம்புச் சுவர் பால் போல வெளுத்திருந்தது. கட்டிலருகே பலகைத் தரையில் வட்டமாக ஒரு கருகல் தடம். குளியலறையில் பச்சைத் தூள் ஒட்டிய காலிப் பொட்டலம்.

ஜீப்புக்குத் திரும்பினாள்.

"நேத்து நெருப்பு போட்டது யாரு அக்கா?"

"நான்தாங்க மேடம். பொழுது விழப் போட்டேன். குச்சிதானே, ஐயா சாப்பிட்டு எந்திரிக்கறதுக்குள்ள அணைஞ்சிருச்சு."

"படங்கு?"

"சமையல் குசினிக்குப் பின்னால, மழை படாம தாவாரத்துல காயப்போட்டேன். காலையில பாத்தா காணோம்."

"நேத்து வேற ஏதாவது வித்தியாசமா நடந்துச்சா?"

காளியாயி தயங்கினாள். "சொன்னா சிரிப்பீங்க. கீழ எங்க லயத்து வீடுங்களுக்கு ஓடையிலேருந்து பீலியில வர்ற குடிதண்ணி பச்சையா வந்துச்சு."

கான்ஸ்டபிள் சிரித்தான். இராஜகுமாரி சிரிக்கவில்லை.

ஜீவராணி வராந்தாவில் முதுகைச் சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். கதவு உடைந்ததும், ஆம்புலன்ஸுக்குப் பேசச் சொல்லி முதலாளி தன்னை ரோட்டு வளைவுக்கு அனுப்பினார் என்றாள். அங்கேதான் சிக்னல் கிடைக்கும்.

"திரும்பி வந்தப்ப பூச்சட்டிய அடுக்கிட்டு இருந்தாரு. மனுசன் செத்துக் கெடக்கான், இவரு செடி பாக்குறாரு." குரலைத் தாழ்த்தினாள். "மேடம், காளியாயியக் கூட்டிட்டுப் போயிட்டா இனி இங்க நானும் அவரும் மட்டும்தான்."

வராந்தாவில் மண்சட்டிகள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் பன்னச்செடி. விடிய விடிய அடித்த மழைச் சாரலில் அவை நிமிர்ந்து நின்றன. ஒன்று மட்டும் துவண்டு கிடந்தது.

இராஜகுமாரி எல்லோரையும் மேற்கு அறைக்கு அழைத்தாள். காளியாயியையும். துவண்ட செடியிருந்த சட்டியையும் எடுத்துவரச் சொல்லிவிட்டு விஜிதரன் பக்கம் திரும்பினாள்.

"நான் லயத்துல பொறந்தவ சார். புகைக்குள்ளதான் வளந்தேன். புகைபோக்கிய அடைச்சுட்டு குச்சி எரிச்சா ஆள் தூங்க மாட்டான். கண்ணு எரிஞ்சு, இருமிக்கிட்டு வெளிய ஓடிருவான். இந்தச் சுவர் கறுத்திருக்கும். படங்கோட உள்பக்கம் கரி பிடிச்சிருக்கும். ரெண்டும் சுத்தமா இருக்கு. நெருப்பு அணைஞ்சு ரொம்ப நேரங்கழிச்சுத்தான் படங்க மூடியிருக்காங்க."

"அப்ப எப்படிச் செத்தாரு?" என்றார் விஜிதரன்.

"கரித்தணல். அதுக்குப் புகை கெடயாது. குளிருதுன்னவருக்கு நீங்க ஒரு சட்டி தணல் கொண்டாந்து குடுத்தீங்க. அவரே தாழ்ப்பாள் போட்டுக்கிட்டாரு. காலையில ஜீவராணிய அனுப்பிட்டு, சட்டிய வெளிய எடுத்தீங்க. அது தெரியாம இருக்க மேல மண்ணப் போட்டு ஒரு செடிய நட்டீங்க. அப்புறந்தான், பழி காளியாயி மேல விழட்டும்னு படங்க மேல மூடுனீங்க."

அவள் துவண்ட செடியைப் பிடித்து இழுத்தாள். இரண்டு விரல் மண்ணோடு அது கையில் வந்தது. அடியில் கரி. இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. வேர் வெந்திருந்தது.

விஜிதரன் கதவைப் பார்த்தார். அங்கே கான்ஸ்டபிள் நின்றான்.

"மகாலிங்கம் நேத்து கழிப்பறையில பச்சைச் சாயத்தூளைப் போட்டு, தண்ணி எங்க போகுதுன்னு பாத்திருக்காரு. அது நாணல் பாத்திக்குப் போகல. ஓடைக்குப் போயிருக்கு."

"சான்றிதழ் போனா பங்களாவ மூடணும் மேடம்," என்றார் விஜிதரன் மெதுவாக. "லயத்து ஆளுங்க எத்தன பேரு இத நம்பி இருக்காங்க தெரியுமா?"

"அவங்கதான் சார் அந்தத் தண்ணியக் குடிக்கிறாங்க."

அவரை ஜீப்பில் ஏற்றியபோது ஜீவராணி தன் பையோடு ரோட்டில் நின்றாள். இனி அந்த வீட்டுக்குள் அடி வைக்க மாட்டேன் என்றாள். காளியாயியை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். அவள் நகரவில்லை.

"மூணு வருசமாக் குடிச்சிட்டோமே மேடம். பிள்ளைங்களும் குடிச்சிச்சுங்க. என்ன செய்யும்?"

கீழே, பனிக்குள், பீலியிலிருந்து தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. யாரோ குடத்தை வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். காளியாயி சரிவில் இறங்கி ஓடத் தொடங்கினாள்.