கழுவிய தங்கம்

ஹெட்போனுக்குள் திடீரென்று ஆயிரம் சில்வண்டுகள் கத்தின. மெரின் திடுக்கிட்டு அதைக் கழற்றினாள். தங்கம் இப்படிக் கத்தாது. மண்ணுக்குள் உலோகம் தேடும் டிடெக்டர் இன்னொன்று பக்கத்தில் ஓடினால்தான் இந்த இரைச்சல் வரும்.

நிமிர்ந்தாள். முப்பதடி தள்ளி, அயர்ன்பார்க் மரங்களுக்கு நடுவில், ஒருவன் சாவகாசமாகக் கருவியை வீசிக்கொண்டிருந்தான்.

"ஹலோ! காடு முழுக்கக் காலியாக் கிடக்கு. என் காதுக்குள்ள வந்துதான் தேடணுமா?"

அவன் திரும்பினான். மழை அப்போதுதான் விட்டிருந்தது. தொப்பி விளிம்பில் சொட்டிய நீருக்குப் பின்னால் இரண்டு கண்கள்... நனைந்த யூகலிப்டஸ் இலையின் நிறத்தில்...

'கண்ணைப் பாக்காதே மெரின். நீ கோபமா இருக்கே. ஞாபகம் வச்சுக்கோ.'

"மன்னிச்சுக்குங்க," என்றான். "உங்களைப் பாத்ததும் யாரோ புல்லு வெட்டுறாங்கன்னு நெனச்சுட்டேன்."

"என்னது?"

"இல்ல... நீங்க வீசுற வேகத்தைச் சொன்னேன். தங்கமே எழுந்து நின்னு கை காட்டினாக்கூட உங்களுக்குத் தெரியாது."

"நான் உங்ககிட்ட யோசனை கேட்டேனா?"

"கேக்கல."

"அப்ப சொல்லாதீங்க!"

விறுவிறுவென்று நடந்தாள். முதுகுக்குப் பின்னால் அவன் சிரிப்பது தெரிந்தது. சுட்டது. சுட்டதற்குக் காரணம், அவன் சொன்னது பொய்யில்லை என்று அவளுக்கே தோன்றியதுதான்.

டனாலி ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள் மெரின். முப்பத்து மூன்று வயது. இரண்டு வருடமாகச் சனி, ஞாயிறு தவறாமல் காட்டில் தங்கம் தேடுகிறாள். கிடைத்ததெல்லாம் ஒரு ஜாம் பாட்டில் நிறைய ஈயக் குண்டுகளும் துருப்பிடித்த ஆணிகளும். தங்கம் தேடுவோர் கிளப்பில் அவளுக்கு 'ஈயத்து மகாராணி' என்று பட்டமே கொடுத்துவிட்டார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தியதும் அந்தச் சிரிப்பு நின்றுவிடும்.

அடுத்த சனிக்கிழமையும் அவன் அங்கேயே இருந்தான். பெயர் டெக்லன். தேனீ வளர்ப்பவன். அயர்ன்பார்க் குளிர்காலத்தில்தான் பூக்கும். அந்தப் பூவின் தேனுக்காக நாற்பது தேனீப் பெட்டிகளோடு பல்லராட் ஊரிலிருந்து வந்திருந்தான். பூ உதிரும்வரை இங்கேதான் வாசம்.

"இந்த விழுந்த மரம்தான் எல்லை," என்றாள் மெரின். "அந்தப் பக்கம் நீங்க. இந்தப் பக்கம் நான்."

"பாஸ்போர்ட் வேணுமா?"

"வாயை மூடிட்டு வந்தாப் போதும்."

டெக்லன் அதன்பிறகு ஒரு யோசனையும் சொல்லவில்லை. ஆனால் அவளுக்குக் கண் இருந்ததே... ஓரக்கண்ணால் பார்த்தாள். கருவியின் வட்டத் தட்டு தரையை உரசும் உயரத்திலேயே போனது. ஒரு வீச்சு, முந்தைய வீச்சின் பாதியை மூடிக்கொண்டு அடுத்தது. அவள் பொருட்படுத்தவே மாட்டாத முனகலுக்கெல்லாம் அவன் நின்றான், குனிந்தான், தோண்டினான். குழியை மூடிவிட்டு நகர்ந்தான்.

அவன் பார்க்காதபோது அவளும் அப்படியே செய்து பார்த்தாள். தோள் வலித்தது. காது கூர்மையானது.

இடைவேளையில் எல்லை மரத்தின் மேல் உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். அவன் தேன் கொண்டுவருவான்.

"சர்க்கரையே போதும் எனக்கு."

"வீம்புக்குச் சொல்றீங்க."

"ஆமா." அப்புறம் இரண்டு கரண்டி ஊற்றிக்கொள்வாள்.

நான்காவது சனிக்கிழமை, தூறலில், அவள் கருவி பாடியது. தெளிவாக, இனிமையாக... நாலு விரற்கடை ஆழம்தான். மண்ணைக் கிளறினாள். மஞ்சளாக ஒன்று மின்னியது.

"டெக்லன்! டெக்லன்... தங்கம்!"

அவன் ஓடிவந்தான். அவள் குதித்தாள், சிரித்தாள், அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். அந்த இலைப்பச்சைக் கண்கள் அவ்வளவு கிட்டத்தில்... உலகமே ஒரு நொடி நின்றது.

பிறகு அவள் உள்ளங்கையைப் பார்த்தாள். சிரிப்பு மெல்ல அடங்கியது.

நூறு முறை கிளப் மேஜையில் பிறர் எடுத்த தங்கத்தை அவள் பார்த்திருக்கிறாள். பூமியிலிருந்து வரும் கட்டியின் இண்டு இடுக்கெல்லாம் செம்மண் அப்பியிருக்கும். தேய்த்துக் கழுவினாலும் லேசில் போகாது. இதுவோ பளபளவென்று இருந்தது. குழியின் மண்ணும், யாரோ அண்மையில் தோண்டி மூடியதுபோல், பொலபொலவென்று உதிர்ந்தது.

"இது ஏற்கெனவே கழுவின தங்கம்," என்றாள். "உங்களோடதா?"

அவன் தலை குனிந்தான். "...ஆமா."

"ஏன்?"

"போன வாரம் அந்த ஈயப் பாட்டிலைக் கையில வச்சுக்கிட்டு அழுதீங்க. யாரும் பாக்கலன்னு நெனச்சீங்க. எனக்குத் தாங்கல மெரின்..."

"முதல் தங்கம் எப்படி இருக்கும்னு ரெண்டு வருஷமாக் கனவு கண்டேன். அதைத் திருடிட்டீங்க. கொடுக்கிற மாதிரி திருடிட்டீங்க!"

கட்டியை அவன் கையில் திணித்துவிட்டு நடந்தாள். மழை வலுத்தது நல்லதாய்ப் போயிற்று. கன்னத்தில் எது மழை, எது கண்ணீர் என்று யாரும் கேட்கமுடியாது.

அந்த எல்லை மரத்துப் பக்கமே அவள் அப்புறம் போகவில்லை. ஊருக்கு மேற்கே ஒரு தாழ்ந்த மேடு உண்டு. பழைய காலத்துச் சுரங்கக்காரர்கள் மேல்மண்ணைச் சுரண்டிக்கொண்டு போன இடம். 'அங்க என்ன மிச்சம் இருக்கு?' என்று கிளப்பில் எல்லாரும் உதட்டைப் பிதுக்குவார்கள். மெரின் அங்கே போனாள். ஒரு மணி நேரத்தில் ஒரு பஸ்ஸின் அகலம்தான் நகர்ந்தாள். ஒரு சனி, ஒரு ஞாயிறு, இன்னொரு சனி... ஈரமண், காற்று, காதில் ஒரே சீரான ரீங்காரம்.

அந்த ரீங்காரம் ஓரிடத்தில் லேசாக நெளிந்தது. சத்தம் என்றுகூடச் சொல்லமுடியாது. யாரோ மூச்சை இழுத்தது போல...

பழைய மெரின் தாண்டிப் போயிருப்பாள். இவள் நின்றாள்.

மேல்மண்ணை வழித்தாள். ஓசை கூடியது. பிக்காசால் கொத்தினாள். இன்னும் கூடியது. களிமண் இறுகிக் கிடந்தது. ஒரு அடிக்கு மேல் போயாயிற்று. கையை விட்டுத் துழாவி ஒரு மண்ணுருண்டையை எடுத்தாள். எடுத்த கை ஒரு கணம் தாழ்ந்தது.

என்ன கனம்!

கட்டைவிரலால் தேய்த்தாள். செம்மண்ணுக்கு நடுவே மஞ்சள். ஒரு ஓரத்தில் வெள்ளைக் கல் ஒட்டியிருந்தது. மொச்சைக் கொட்டையைவிடப் பெரிய கட்டி. மெரின் எழுந்து நின்று, யாருமில்லாத காட்டைப் பார்த்து, அடிவயிற்றிலிருந்து கத்தினாள். இரண்டு கங்காருகள் மேய்வதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தன. பார்க்கட்டும்! இது அவள் காது கேட்டது. அவள் கை தோண்டியது. யாரும் வைக்கவில்லை. யாரும் காட்டவில்லை.

யாரிடம் முதலில் சொல்வது?

ஒரே ஒரு பெயர்தான் வந்தது. அந்தப் பெயர் மேல் கோபம் வந்தது. கோபத்தோடே வண்டியைக் கிளப்பினாள்.

டெக்லன் லாரியில் கயிறுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். தரையெல்லாம் உதிர்ந்த பூ. சாயங்காலம் தேனீக்கள் அடைந்ததும் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பவேண்டும். அவளைக் கண்டதும் கயிறு கையிலேயே நின்றது.

மெரின் உள்ளங்கையை விரித்தாள்.

அவன் கட்டியைப் புரட்டிப் பார்த்தான். "எங்க?"

"மேற்கு மேட்டுல. ஒரு அடிக்குக் கீழ."

"அங்க நானே மூணு நாள் தேடினேனே..." தொப்பியைக் கழற்றிக்கொண்டான். "நான் தாண்டிப் போயிட்டேன். நீங்க நின்னுட்டீங்க." கண் கலங்கியிருந்தது. பொறாமை துளியும் இல்லை. தானே எடுத்ததைப்போல் ஒரு பெருமிதம். "மெரின், அன்னிக்கு நான் செஞ்சது தப்பு. உங்களால முடியாதுன்னு நெனச்சு செய்யல. நீங்க அழறதைப் பாக்க எனக்குத்தான் தெம்பு இல்ல."

அவள் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"இதைக் கிளப்புலதான் முதல்ல காட்டணும்னு இருந்தேன். வண்டி தானா இந்தப் பக்கம் திரும்பிடுச்சு."

"தானாவா?"

"...நான்தான் திருப்பினேன்."

"எதுக்கு?"

"ஒண்ணும் புரியாத மாதிரி நடிக்காத நீ!"

'நீ' எப்போது வந்தது என்று இருவருக்கும் தெரியவில்லை. ஆனால் இருவர் காதிலும் விழுந்தது.

"பெட்டிங்க இன்னிக்குப் போயே ஆகணும்," என்றான் மெல்ல. "ஆனா நான் திரும்பி வரலாமா... உனக்காக?"

"சனிக்கிழமை வா. என்கூடக் கிளப்புக்கு வரணும். தங்கத்தை மேஜையில வைப்பேன். பக்கத்துல நிக்கிறது யாருன்னு எல்லாரும் கேப்பாங்க."

"என்ன சொல்லுவ?"

"நான் காதலிக்கிறவன்னு சொல்லுவேன்."

"இப்ப ஒரு தடவை... எனக்கு மட்டும் சொல்லேன்."

சொன்னாள். தலை நிமிர்ந்து, அவன் கண்ணைப் பார்த்து, காடே கேட்கும்படி சொன்னாள்.