ஒன்பதாம் வீட்டு வாசல்

மனைவி மறைந்த ஆண்டில், மாதவன் திருவரங்கத்துச் சந்து ஒன்றில் வாடகை வீட்டுக்குக் குடிவந்தார். உடன் வந்தவை ஒரு பெட்டியும், காந்தி மார்க்கெட் அருகே பழைய சாமான் கடையில் வாங்கிய ஒரு சிற்றூர்ப் படமுமே. கடைக்காரர் ஹபீபுல்லா அதைக் கொடுக்கத் தயங்கியிருந்தார்.

“ஒத்தையா இருக்கிறவங்களுக்கு இத நான் கொடுக்கிறதில்லீங்க.”

“ஒத்தையா இருக்கிறதாலதாங்க ஒரு ஊரையே வாங்குறேன்” என்றார் மாதவன்.

காவியும் சுண்ணமும் குழைத்துப் பெயரறியாக் கை ஒன்று தீட்டிய படம். பனைகள், ஒரு குளம், ஒன்பது கூரைவீடுகள். எட்டு வாசல்களில் கோலம். ஒன்பதாவதில் ஒருத்தி முகம் தெரியாமல் குனிந்திருந்தாள். அவள் விரலுக்குக் கீழே வெறுந்தரை.

மாதவனுக்கு இருந்த அச்சம் ஒன்றே. இறந்தபின் எவரும் அறியாமல் கிடந்துவிடக் கூடாது. எதிர்வீட்டில் தனியே வாழ்ந்து தையல் வேலை செய்யும் கலைமதியிடம் அதைச் சொல்லியும் வைத்தார்.

“காலைல ஆள் நடமாட்டம் தெரியலேன்னா கதவத் தட்டிப் பாரும்மா.”

“நீங்க நூறு வயசு இருந்து என் கதவத் தட்டுவீங்க ஐயா” என்று அவள் சிரித்தாள்.

மறுநாள் விடியலில் அவர் வாசல் தெளிக்கப்பட்டு, ஈர அரிசிமாவில் ஓர் இழைக்கோலம் விரிந்திருந்தது. கலைமதியின் அன்பென்று நெகிழ்ந்த அவர், பெருமாளுக்குச் சாத்திய துளசியில் ஒரு கொத்தை அவள் படியில் வைத்தார். அன்றுமுதல் அதுவே வழக்கமாயிற்று. அவளோ, ஐயா கோலமிட ஆள் வைத்துவிட்டார் என்றெண்ணினாள். ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. சாவு விழுந்த வீட்டில் கோலம் இராது. ஆகவே கோலத்தைக் கண்டதும் அவர் நலமென்று தையலுக்குத் திரும்புவாள்.

மார்கழியில் ஒருநாள், விடியலில் பாசுரம் ஓதும் அவர் குரல் கேட்கவில்லை.

கலைமதி எட்டிப் பார்த்தாள். கோலம் இருந்தது.

மறுநாளும் இருந்தது.

அதற்கு மறுநாளும்.

துளசிதான் வரவில்லை.

நான்காம் நாள் அவர் வீட்டுக்குள்ளிருந்து வாடை வந்தது. கதவை உடைத்தார்கள். மாதவன் படத்தை நோக்கி அமர்ந்தபடியே இருந்தார். உயிர் பிரிந்து மூன்று நாளாயிற்று என்றார்கள்.

வாசலில் அன்றைய கோலம் இன்னும் உலரவில்லை.

கலைமதி படத்தை நிமிர்ந்து பார்த்தாள். ஒன்பதாம் வாசலில் கோலம் நிறைந்திருந்தது. குனிந்திருந்தவளைக் காணவில்லை.

மறுநாள் இருள் பிரியுமுன், வாளியும் கையுமாகக் கலைமதி தன் கதவைத் திறந்தாள்.

வாசல் ஏற்கெனவே தெளித்திருந்தது. அதே இழைக்கோலம், ஈரமாக.

படியில் ஒரு கொத்துத் துளசி.