ஆட்டைத் தேடிப் போன நாற்பது பேர்

"எனக்கு வசனம் வெறும் 'மே' மட்டும்தானா?" என்று சிட்டு ஒரு மாதமாக முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

சிட்டுவுக்குப் பத்து வயது. அவளுடைய சபையிலிருந்து ஆறு பேர் ஒரு வாரம் வெளிநாட்டுக்குப் போய், அங்கே இருக்கும் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்தப் போகிறார்கள். அம்மா பாட்டுச் சொல்லித் தருவார். சித்தப்பா நாடகம் போடுவார். இயேசு சொன்ன காணாமற்போன ஆட்டின் கதைதான் நாடகம். சித்தப்பா மேய்ப்பர், சிட்டு ஆடு.

"ஆடு ரெண்டு வார்த்தை பேசினா என்ன சித்தப்பா?"

"ஆடு பேசினா, மேய்ப்பனை யாருடி பாப்பாங்க?"

சித்தப்பா மின்விசிறி பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர். நாடகம் என்றால் மட்டும் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

கிளம்பும் முன் சபையில் ஒத்திகை நடந்தது. "என் ஆட்டைப் பாத்தீங்களா?" என்று சித்தப்பா கேட்டதும், கைகட்டி உட்கார்ந்திருந்த பிள்ளைகள் "இல்லை..." என்று ராகம் இழுத்தார்கள். ஒருவரும் இடத்தை விட்டு அசையவில்லை. எல்லா ஊர்ப் பிள்ளைகளும் இப்படித்தான் இருப்பார்கள் என்று பெரியவர்கள் நினைத்துவிட்டார்கள்.

அங்கே போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில் நாற்பது பிள்ளைகள் கூடியிருந்தார்கள். அந்த ஊர் டீச்சர் ஒருவர் சிட்டுவின் ஊரில் படித்தவர். அவர்தான் எல்லாவற்றையும் அவர்கள் மொழியில் சொன்னார்.

பழைய ஸ்வெட்டரில் பஞ்சு ஒட்டி, காலுறையில் காது தைத்த வேடத்தோடு சிட்டு அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

சித்தப்பா கண்ணைக் கசக்கினார். "ஐயோ, என் ஆட்டைக் காணோமே! யாராவது தேடித் தர மாட்டீங்களா?"

டீச்சர் அதை அப்படியே சொன்னார். முன் வரிசையில், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்த ஐந்து வயதுப் பையன் ஒருவன் சட்டென்று எழுந்தான். வாசலைத் தாண்டி ஓடினான். அவன் பின்னால் இன்னும் நான்கு பேர். பிறகு மொத்தக் கூட்டமும் ஓடிவிட்டது! அலமாரிப் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஆடு தெருவில்தானே தொலையும்?

பெரியவர்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். அந்த ஊர்ப் பாஸ்டர் இரண்டு கைகளையும் விரித்து, மூச்சிரைக்க, பிள்ளைகளை உள்ளே ஓட்டி வந்தார்.

டீச்சர் எண்ணினார். முப்பத்தொன்பது. மறுபடியும் எண்ணினார். அதே முப்பத்தொன்பது.

பொத்தான் பையனைக் காணவில்லை.

தெரு முனையில் பெரிய சாலை. லாரிகள் ஓயாமல் ஓடும் சாலை. சித்தப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. "நான்தானே தேடச் சொன்னேன்" என்று தலையில் கை வைத்தார். அம்மாவும் பாஸ்டரும் அவனைக் கூப்பிட்டுக்கொண்டே ஆளுக்கு ஒரு பக்கம் ஓடினார்கள்.

"கூப்பிட்டா வரமாட்டான்" என்றார் டீச்சர் கலக்கத்தோடு. "எடுத்த வேலைய முடிக்காம திரும்பவே மாட்டான்."

சிட்டுவுக்கும் பயம்தான். ஆனால் மூளை நின்றுவிடவில்லை.

"டீச்சர், அவன் தேடுறது என்னைத்தானே? நான் தெருவுல நடந்தா, அவனே என்னைக் கண்டுபிடிச்சிடுவான்ல?"

 டீச்சர் உடனே அவள் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினார்.

பஞ்சு உடையோடு பட்டப்பகலில் தெருவில் நடப்பது என்றால் சும்மாவா? முடிதிருத்துபவர் கத்தரியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ஒரு நாய் பின்னாலேயே வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்ன, சிட்டு மெல்ல "மே..." என்றாள். லாரிச் சத்தம் அதை விழுங்கிவிட்டது.

வெட்கமாவது ஒன்றாவது! அவள் தொண்டை கிழியக் கத்தினாள். "மேஏஏஏ!"

சாலை ஓரத்து டயர் கடையில், அடுக்கி வைத்த டயர்களுக்குப் பின்னாலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. மூக்கெல்லாம் கரி. ஒரே ஓட்டமாக வந்து அவள் காதைப் பிடித்துக்கொண்டான் பொத்தான் பையன்.

சிட்டுவுக்கு அழுகையே வந்துவிட்டது. அவனை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அவனுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. காதை விடாமல் அவளைக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு நடந்தான். கூடத்தில் முப்பத்தொன்பது பிள்ளைகளும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அவன் நேராகச் சித்தப்பாவிடம் போனான். ஆட்டின் காதை அவர் கையில் கொடுத்தான். பிறகு ஒரு விரலை ஆட்டி ஆட்டி நீளமாக ஏதோ சொன்னான்.

"என்ன டீச்சர் சொல்றான்?" என்றார் சித்தப்பா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "'இனிமேலாவது ஒழுங்கா பாத்துக்கோங்க. இன்னொரு தடவை தொலைச்சா, கண்டுபிடிச்சு நானே வெச்சுக்குவேன்'கிறான்."