பயத்துக்கு எத்தனை மார்க், லைல்?

அறுவடை முடிந்து மொட்டையாகக் கிடந்த கோதுமை வயல்களுக்கு நடுவே, செம்மண் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ரொவீனாவின் கார் வந்து நின்றபோது மணி பகல் இரண்டு. வெயில் நாற்பத்திரண்டு டிகிரி. வேலிக் கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்த காக்கட்டூ கிளிகள்கூட வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன.

லைல் பாஸ்கோ வாசலிலேயே நின்றிருந்தான். ஐம்பது வயது. முழு ஆட்டைத் தனியாளாகத் தூக்கிக் கவிழ்க்கிற கைகள். அந்தக் கைகள் இப்போது சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டிருந்தன.

"ஐஸ் தண்ணி குடிக்கிறீங்களா டாக்டரம்மா, இல்ல நேரா என்னைக் கொல்ல ஆரம்பிச்சுடறீங்களா?"

"நான் டாக்டர் இல்ல, சைக்காலஜிஸ்ட். பத்து தடவை சொல்லியாச்சு. ரொவீனான்னே கூப்பிடுங்க."

"ஒன்பது தடவை. இன்னிக்குத்தான் பத்து."

உண்மைதான். வருஷத்துக்குப் பத்து சந்திப்புக்குத்தான் அரசாங்கம் அனுமதிக்கும். இதுதான் கடைசி.

வீட்டுக்குப் பின்னால், தரைக்கடியில், மழைநீர் சேமிக்கும் பழைய தொட்டி. குழாய்த் தண்ணீர் வந்த பிறகு வறண்டு போனது. மேலே ஒரு இரும்பு மூடி. ஒரு வருஷமாக, ராத்திரி பகல் பாராமல், மணிக்கொரு தடவை லைல் அங்கே போவான். மூடியைத் தட்டி, "வீட்டுக்காரன் மேலதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வருவான்.

சொல்லாவிட்டால்?

"இடம் காலின்னு நெனச்சு, கீழ இருக்கறது மேல வந்துடும்" என்றான் முதல் நாளே, சிரிக்காமல்.

மனைவி ஜெனீன் இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஏழு வயது மகள் ஐவியைக் கூட்டிக்கொண்டு, பதினைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அக்காவின் பண்ணைக்குப் போய்விட்டாள். அவன் என்றைக்கு நிறுத்துகிறானோ அன்றைக்குத்தான் திரும்பி வருவாள்.

ரொவீனாவுக்கு இது புதிதில்லை. தோல் உரியும்வரை கை கழுவுகிறவர்கள், அடுப்பை முப்பது தடவை அணைத்துப் பார்க்கிறவர்கள் என்று எத்தனையோ பேரைப் பார்த்தவள். எண்ணம் பயமுறுத்தும். ஒரு செய்கை அந்தப் பயத்தை ஆற்றும். ஆற்றுகிற செய்கையே எண்ணத்துக்குத் தீனி. அதனால் சிபிடி என்கிற இந்தச் சிகிச்சையில் செய்கையைத்தான் முதலில் நிறுத்துவார்கள். பயம் ஏறட்டும், ஏறி நின்று, தானாக இறங்கும். எவருடைய பயமும் நூறிலேயே நிற்காது. பதினாறு வருஷமாக அவள் கண்ணால் கண்டது.

முதலில் அவளே மூடியைத் தூக்கினாள். மண்டியிட்டு, தலையை உள்ளே விட்டு, டார்ச் அடித்துப் பார்த்தாள். சருகு. ஒரு உடைந்த வாளி. அவ்வளவுதான்.

ஆனால் எலும்பு மாதிரி வறண்டு கிடந்த தொட்டியிலிருந்து ஈர வாசம் வந்தது. பழைய சிமென்ட் அப்படித்தான் என்று சொல்லிக்கொண்டாள்.

"யாருமில்ல, லைல்."

"இப்பதான் சொல்லிட்டு வந்தேன். அடங்கி இருக்கும்."

"இந்த வட்டத்துக்குள்ள எங்க ஒளியும்?"

"அதைத்தான் நானும் ஒரு வருஷமா யோசிக்கறேன்."

இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். திறந்த மூடி. அவன் அடுத்துத் தட்டவேண்டிய நேரத்திலிருந்து நாற்பது நிமிஷம். அந்த வார்த்தையை அவன் சொல்லக்கூடாது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பயத்துக்கு நூறுக்கு எத்தனை மார்க் என்று அவள் கேட்பாள். அவன் எண்ணை மட்டும் சொல்ல வேண்டும்.

"இன்னொண்ணு" என்றாள் ரொவீனா. "அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை என் முகத்தைப் பாக்கறீங்க. நான் பயப்படலையேன்னு தைரியம் தேடறீங்க. அதுவும் ஒரு ஊன்றுகோல்தான். இன்னிக்கு அது கிடையாது. நான் முதுகைக் காட்டி உக்காந்துக்கறேன்."

"அடப்பாவமே! வெட்டப்போற ஆட்டுக்குக்கூட நான் முகத்தைக் காட்டுவேனே!"

சிரித்துக்கொண்டேதான் திரும்பி உட்கார்ந்தாள்.

"எத்தனை, லைல்?"

"தொண்ணூறு."

ஈக்கள் மொய்த்தன. நாற்காலி கிறீச்சிட்டது.

"எத்தனை?"

"தொண்ணூத்தஞ்சு." குரல் உடைந்தது.

"நல்லது. ஏறட்டும்."

மறுபடி கிறீச். சருகு சரசரத்தது. நெளிகிறான், பாவம் என்று நினைத்தாள்.

"எத்தனை?"

பதில் கொஞ்சம் தாமதித்தது. "எண்பது."

எழுதிக்கொண்டாள். அடுத்தது அறுபது. குரல் கீழேயிருந்து, குடத்துக்குள் பேசுவதுபோல் வந்தது. தொட்டி வாயில் குனிந்து பார்க்கிறானா? மூடியைத் திறந்தாலே பத்தடி தள்ளி நின்றவனா? ரொவீனாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

நாற்பது.

இருபது. துளி நடுக்கமில்லை.

அப்போதுதான் கவனித்தாள். ஈக்களைக் காணோம். கம்பியில் கிளிகளைக் காணோம். வெயில் முதுகைச் சுட்டுக்கொண்டிருக்க, பிடரி மட்டும் குளிர்ந்தது.

திரும்பாதே. திரும்பினால் பத்து சந்திப்பும் பாழ்.

"எத்தனை, லைல்?"

"ஒண்ணுமே இல்ல."

காதுக்கு அருகில்.

பேச்சு இருந்தது. மூச்சு இல்லை.

திரும்பினாள்.

நாற்காலி காலி. தொட்டியின் விளிம்பிலிருந்து அவள் நாற்காலிவரை தரை ஈரமாக இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெயிலில் காய்ந்தது.

முற்றத்தின் அந்தக் கோடியில் கார் ஹாரன் அலறியது. கண்ணாடியெல்லாம் ஏற்றிய அவளுடைய காருக்குள், ஒரு கையால் வாயைப் பொத்தியபடி லைல்.

எப்படி ஓடினாள், எப்படிக் காரைக் கிளப்பினாள் என்று தெரியாது. வீட்டுக் கேட்டைத் தாண்டிய பிறகுதான் நாக்கு புரண்டது.

"எப்ப இங்க வந்தீங்க?"

"ரெண்டாவது மார்க் சொன்னதுமே. முடியல, ஓடி வந்துட்டேன். உங்களைக் கூப்பிடணும்னு வாயைத் தெறந்தேன்..." பின்கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தான். "அதுக்குள்ள நான் பேசறது எனக்கே கேட்டுச்சு. அப்புறம் சத்தம் போடவே பயம், ஈரம் உங்க நாற்காலிகிட்ட வந்தப்பதான் ஹாரனை அடிச்சேன்."

அந்தப் பக்கம் செல்போனுக்கு டவர் கிடையாது. முப்பது கிலோமீட்டர் தாண்டி, மேட்டில் ஏறியதும் ரொவீனாவின் போன் கிணுகிணுத்தது. ஜெனீன் பேசிப் பதிவு செய்திருந்தாள், இருபது நிமிஷம் முன்பு.

"ரொவீனா, உங்களை அப்படியே கட்டிப்பிடிச்சுக்கணும் போல இருக்கு! மனசு கேக்காம இப்பதான் வீட்டுக்குப் போன் பண்ணேன். லைல்தான் எடுத்தாரு. எவ்வளவு நிதானமா பேசறாரு தெரியுமா? உடனே வாங்கன்னாரு. ஐவி குதிக்கறா. கிளம்பிட்டோம்!"

லைல் எழுப்பிய சத்தம் மனிதச் சத்தமாகவே இல்லை. "திருப்புங்க! காரைத் திருப்புங்க!"

மேட்டை விட்டு இறங்கினால் டவர் போய்விடும். இறங்காவிட்டால் முப்பது கிலோமீட்டர் தூரம் அப்படியே இருக்கும். ஜெனீன் போனை எடுக்கவில்லை. லைல் வீட்டு லேண்ட்லைன் எண்ணை ரொவீனா அழுத்தினாள்.

நான்காவது மணியில் எடுத்தது குழந்தை.

"ஹலோ, ஐவி பேசறேன்."

"ஐவி, அம்மா எங்கம்மா?"

"அப்பாவைத் தேடப் போயிருக்கா. அப்பா கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு. ஆனா எந்த ரூம்லயும் காணோம். அம்மாவையும் இப்ப காணோம்."

லைல் போனைப் பிடுங்கினான்.

"ஐவி, கண்ணு! அப்பா பேசறேன். வெளிய ஓடு! கார்ல ஏறிக் கதவைப் பூட்டிக்கோ!"

அந்தப் பக்கம் சிரிப்பு. குழந்தை வாயை விலக்கிக்கொண்டு வீட்டுக்குள் பார்த்துக் கத்தியது.

"அப்பா! யாரோ உன்னை மாதிரியே பேசறாங்க!"

வீட்டின் உள்ளே எங்கிருந்தோ லைலின் குரல் பதில் சொன்னது. அன்பாக. அவசரமே இல்லாமல்.

"போனை வெச்சுட்டு வா, கண்ணு. அம்மா இங்கதான் இருக்கா."

"ஐவி! ஐவி!"

ரிசீவரை மேஜைமேல் வைத்த சத்தம் கேட்டது.

அப்புறம், மரத்தரையில் சின்னக் கால்கள் ஓடுகிற சத்தம்.