அம்பிட்டிய வளைவில் விட்டு வந்த கார்

அரூஸ் வந்து சேர்ந்தபோது பின்னேரம் ஆகியிருந்தது. கண்டிக்குப் பக்கத்தில், அம்பிட்டிய மேட்டில் பனிமூட்டம் இறங்கி, செல்லச்சாமி வீட்டுக் கேட்டடியில் நின்றால் கீழேயுள்ள வளைவு கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. தகரக் கூரையின் கீழ் நின்ற வெள்ளைக் காரை அரூஸ் ஒருமுறை சுற்றி வந்தான். பிலிமத்தலாவையில் பழைய வாகனங்களை வாங்கி விற்பவன் அவன்.

"எஞ்சின் திருத்தப் போனா வாகனத்துட வெலைய விடக் கூடப் போகும் ஐயா. இப்படியே குடுத்துடுங்க."

செல்லச்சாமிக்கும் அதே எண்ணம்தான். மாநகர சபையில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காரை வாங்கியதே மகள் பிரேமிளாவுக்காக. சிறுநீரகம் கெட்டுப்போன பிள்ளையைப் பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் கூட்டிவருவதும்தான் அதன் வேலையாக இருந்தது. போன வருடம் பிள்ளை வார்ட்டிலேயே கண்ணை மூடிவிட்டாள். அதன்பின் எப்போதாவது கோயிலுக்கு எடுத்தால் உண்டு.

விற்க விடாமல் மறித்தது அவர் மனைவி ஞானேஸ்வரி. பகலில் வேலை முடிந்ததும் போய் முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வாள். பின் சீட்டில் பிரேமிளா இருக்கிறாளாம். மூச்சு விடுவதும் பேசுவதும் கேட்கிறதாம்.

துக்கத்தில் பேசுகிறாள் என்று தள்ளிவிட செல்லச்சாமியால் முடியவில்லை. பூட்டிக் கிடந்த காரின் பின்கண்ணாடியில், உள்பக்கமாக ஆவி படிந்து மறைவதை அவரும் பார்த்திருந்தார்.

"திருத்தி வச்சுக்குவோங்க," என்று அன்று காலையும் கெஞ்சினாள். "வித்துட்டா அவ எங்க போவா?"

அவர் அரூஸுக்குப் போன் எடுத்தார்.

கீழே சந்தி வரைக்கும் ஓட்டிப் பார்க்கிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டு அரூஸ் கிளம்பினான். எஞ்சின் சத்தம் பனிக்குள் இறங்கித் தேய்ந்தது. பிறகு ஒரு பிரேக் சத்தம்.

வெகுநேரம் எதுவும் கேட்கவில்லை.

அரூஸ் நடந்து வந்தான்.

ஒரு காலில் செருப்பு இல்லை.

"கார் எங்க தம்பி?"

"வளைவுல நிண்டு ஈக்கி." அவன் கேட்டைப் பிடித்துக்கொண்டான். "பின்னுக்கு ஆள் ஈக்கிண்டு நீங்க சொல்லல்லையே ஐயா."

ஞானேஸ்வரி வாசலுக்கு ஓடி வந்தாள். "பாத்தீங்களா தம்பி? எங்க மகதான். பயப்படாதீங்க, ஒண்ணும் செய்ய மாட்டா."

அரூஸ் அவள் முகத்தைப் பார்க்காமல் இல்லையென்று தலையை ஆட்டினான்.

"மகள் இல்ல அம்மா. வயசு போன ஆம்புள. ஒடம்பெல்லாம் மண்." அவன் குரல் இறங்கியது. "பொம்புளப் புள்ளட கொரல்ல கேட்டிச்சி… அம்மா வரல்லையாண்டு."

இனி அதை ஓட்ட மாட்டேன் என்றான். காலையில் லொறி அனுப்பி, தூக்கிக்கொண்டு போய் உடைத்துப் பார்ட்ஸாக எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். செல்லச்சாமி தலையாட்டினார்.

செல்லச்சாமி கீழே நடந்து போனார். வளைவில் கார் எஞ்சின் ஓடியபடியே நின்றது. நடுத்தெருவில் விட்டுவைக்க முடியாது. செல்லச்சாமி ஏறினார். பின் சீட் தெரியாதபடி, பின்னால் பார்க்கும் கண்ணாடியைக் கையால் மேலே திருப்பிவிட்டார்.

அப்போதுதான் தோண்டிய மண்ணின் வாசம்.

முதல் கியரிலும் கார் ஏற மறுத்தது. சுமை ஏற்றிய லொறி போலப் பின்பக்கம் தாழ்ந்து, ரோட்டில் உரசிக்கொண்டு வந்தது. அவருடைய பிள்ளை கடைசி நாட்களில் துண்டு துண்டாக மூச்சு விடுவாள், ஒவ்வொன்றுக்கும் போராடுவாள். இப்போது அவர் பிடரியில் பட்ட மூச்சு நீளமானது. அவசரமே இல்லாதது. வயிறு நிறையச் சாப்பிட்டவனுடையது.

"அப்பா."

பிரேமிளாவின் குரலேதான். ஆனால் அவள் சின்ன வயதிலிருந்தே அவரை 'டாடி' என்றுதான் கூப்பிடுவாள்.

அவர் திரும்பவில்லை.

"அப்பா, குளிருது."

வாசலில் கொண்டுவந்து நிறுத்தியதும் ஞானேஸ்வரி முன் கதவைத் திறக்க வந்தாள். அவர் பாய்ந்து இறங்கி அவளை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"அது நம்ம புள்ள இல்ல, ஞானம்!"

அவள் திமிறவில்லை. அழவும் இல்லை.

"தெரியுங்க," என்றாள் மெதுவாக. "மொத நாளே தெரியும். அவ மூச்சு எனக்குத் தெரியாதா? ஆனா கொரல் அவ கொரல்தானே. அது போதும்னு இருந்துட்டேன்."



விடிந்ததும் லொறி வந்தது. சங்கிலி போட்டு ஏற்றிய ஆட்கள் எதையும் பார்க்கவில்லை, எதையும் கேட்கவும் இல்லை. கார் வளைவு தாண்டி மறையும்வரை ஞானேஸ்வரி கேட்டடியில் நின்றாள். அதன்பின் அவள் சாப்பிடுவதும் குறைந்தது, பேச்சும் குறைந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் வீடு வெறுமையாகக் கிடந்தது. அரூஸ் போன் எடுத்து, எல்லாம் உடைத்தாயிற்று, ஒரு பிரச்சினையும் இல்லை என்று சொன்ன நாளில், செல்லச்சாமிக்கு நிம்மதி வரவில்லை. இனி ஒன்றுமே இல்லை என்பது மட்டும்தான் மிஞ்சியது.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போக இருவரும் கண்டி பஸ் ஏறினார்கள். நல்ல வெயில். மூன்று பேர் இருக்கும் சீட்டில், ஜன்னலோரத்தை விட்டுவிட்டு ஞானேஸ்வரி நடுவில் இருந்தாள். செல்லச்சாமி அதைக் கவனித்தார்.

கண்டக்டர் வந்தான். செல்லச்சாமி இரண்டு விரலைக் காட்டினார்.

"ரெண்டா?" சிங்களப் பையன், தமிழைத் தட்டுத்தடுமாறிப் பேசினான். ஜன்னலோரத்தைப் பார்த்து மூக்கைச் சுளித்தான். "அந்த வயசு போன மாத்தயா… ஐயா, உங்க ஆள் இல்லையா?"



ஞானேஸ்வரி கைப்பையைத் திறந்தாள். பல நாட்களுக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது.

"எங்க ஆள்தான் தம்பி," என்றாள். "மூணு டிக்கெட் குடுங்க."